குடை போட்ட காசு



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தாருக்குக் குடையின் மகிமையைச் சொல்ல வேண்டுவதில்லை. திவ்விய நற்கருணைப் பவனியில் அதைப் பிடிக்க எத்தனை பேர் முந்துகிறார்கள்! அப்படியொரு குடை, யெருசலேமில் அடித்த பழைய வெண்கலக் காசொன்றிலும் உண்டு. கட்டைவிரல் நகத்தளவுக் காசு. ஒருபுறம் குஞ்சம் தொங்கும் குடை. சுற்றிலும் கிரேக்க எழுத்தில் அகிரிப்பா இராசாவின் பெயர். மறுபுறம் மூன்று வாற்கோதுமைக் கதிர்கள், ஆறாம் ஆண்டென்னும் குறி. அதாவது கி.பி. 41-42.

இவன் மாசில்லாக் குழந்தைகளைக் கொல்வித்த ஏரோதின் பேரன்; உரோமையில் வளர்ந்தவன். 41-ல் கிளாவுதியு செசார் யூதேயாவையும் அவன் கையில் கொடுத்தார். முடி அவன் தலையில். அதை வைக்கவும் எடுக்கவும் அதிகாரம் உரோமைக்கு. வெகுதூரத்துக் கதையென்று எண்ணாதீர்கள். அதே உரோமையரின் வாணிகத்தில் வந்த மதுச்சாடித் துண்டுகளைப் புதுவைக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்தார்.

யெருசலேமில் மனித உருவம் போட்ட காசு ஜனங்களுக்கு ஆகாது. ஆகையால் குடை போட்டான். செசரேயாவிலோ தன் முகத்தையே பொறித்து, தன்னை மகா இராசாவென்றும் செசாரின் நேசனென்றும் எழுதிக்கொண்டான். ஊருக்கொரு காசு!

காசோடு நின்றிருந்தால் நாம் பேசவே மாட்டோம். அவன் அருளப்பரின் சகோதரரான அர்ச். யாகப்பரை வாளால் வெட்டுவித்தான். அது சிலருக்குப் பிரியமாயிருந்தது கண்டு அர்ச். இராயப்பரையும் பிடித்து, பதினாறு சேவகரைக் காவல் வைத்தான். இராயப்பர்மேல் அவனுக்குச் சொந்தப் பகை இருந்ததாக வேதாகமத்தில் இல்லை, கவனியுங்கள். பிறர் முகம் மலரவேண்டும், அவ்வளவே.

பூசையில் முழங்காலிடும் நாம், மல்லாட்டை மூட்டை நிறுக்கும் இடத்தில் யாராயிருக்கிறோம்? ஊர்ப் பெரியவர் மனம் கோணாதிருக்க, காலனியில் குடியிருக்கும் கூலிக்காரச் சகோதரன்மேல் சொன்ன அபாண்டத்துக்குத் தலையாட்டியதுண்டா? அன்று அவன் வீட்டில் உலை வைத்தார்களா என்று யார் விசாரித்தோம்? இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இராயப்பரைச் சம்மனசு விடுவித்தார். அகிரிப்பா 44-ல் செசரேயாவில் இராச உடையோடு வீற்றிருக்கையில், ஜனங்கள் அவனைத் தெய்வமென்று கூவினார்கள். அவன் மறுக்கவில்லை. சம்மனசு அடிக்க, புழுத்து மாண்டான். பதினேழு வயது மகனுக்கு அந்த இராச்சியத்தைக் கொடாமல், உரோமை தன் அதிகாரியை அனுப்பிற்று. குடை போட்ட காசுகளோ இன்றும் அந்நாட்டு மண்ணில் ஏராளமாய் அகப்படுகின்றன.