ஜோனின் தோழிகள்

இணையம் வீடுகளுக்குள் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் அரட்டை அறைகளில் பெண்கள் மனம்விட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே பலருக்கும் நெருங்கிய தோழி ஜோன். விபத்தில் பேச்சும் நடையும் போனவள் என்று சொல்லிக்கொண்டாள். அவள் தந்த தைரியத்தில் துவண்டு கிடந்த சிலர் எழுந்து நின்றார்கள். ஆனால் ஜோன் என்று ஒருத்தி இல்லை. எழுதியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஆண் மனநல மருத்துவர். 1985 அக்டோபர் ‘மிஸ்’ இதழில் லிண்ட்சி வான் கெல்டர் இதை விரிவாக எழுதினார்.

வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் கேட்கிறார்கள்: “தலைவி கூற்றை ஆண் புலவர்கள் பாடலையா மேம்? சுஜாதாங்கிறதே அவர் மனைவி பேருதானே?”

நல்ல கேள்வி. கபிலர் தலைவியாகப் பேசும்போது பாடியவர் யார் என்று கேட்பவருக்குத் தெரியும். கதை படிக்கிறவள் பதிலுக்குத் தன் வாழ்க்கையைத் திறந்துவைப்பதுமில்லை. ஜோனிடம் பெண்கள் திறந்துவைத்தார்கள். அவளோ தன் நண்பர் என்று அந்த மருத்துவரையே அவர்களில் சிலருக்கு அறிமுகப்படுத்தினாள். அது உடலுறவு வரை போனதும் உண்டு.

இதுவரை எனக்குத் தடுமாற்றமில்லை. தடுமாற்றம் என் கதையில்தான்.

2001இல் முதுகலை படித்தபோது ஓர் இலக்கியக் குழுமத்தில் சேர்ந்தேன். பிரவுசிங் சென்டர் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் சங்க இலக்கியம் பேசினோம். என் பெயரில் எழுதிய மடல்களுக்கு வயதும் ஊரும் கேட்டுத் தனிமடல்கள் வந்தன. ஆண் பெயரில் மறுபடி சேர்ந்தேன். அதே கருத்துக்கு இப்போது மறுப்பு வந்தது, மேற்கோள்களோடு! அந்தப் பெயருக்காக இன்றும் வருந்தவில்லை.

சில மாதங்களில் ஒரு பெண் எனக்கு எழுதத் தொடங்கினாள். முதலில் குறுந்தொகை. பிறகு வீட்டில் பார்த்த மாப்பிள்ளை, அம்மாவின் அடி. இப்படிக் காதுகொடுக்கும் ஆணை அவள் பார்த்ததில்லையாம். நானும் பெண்தான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். குழுமத்தில் கிடைத்த மரியாதை போய்விடும் என்ற பயம்; அவள் மடல்களை இழக்கவும் மனமில்லை. மருத்துவருக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ?

ஜோனை எப்படி முடிப்பதென்று தெரியாமல் அவர் அவளுக்கு நோய் வரவழைத்தார். நான் என் ஆணுக்கு டெல்லியில் வேலை வாங்கிக்கொடுத்தேன். அவள் வாழ்த்து அனுப்பினாள். மறந்துவிட வேண்டாம் என்றும் கேட்டிருந்தாள்.