எச்சில் சுருட்டு

ஊதுபத்தியில் தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். கற்பூரத்துக்கு அதுவும் வேண்டாம், பக்கத்துத் தீயே போதும். சுருட்டு அப்படியில்லை. யாராவது வாயில் வைத்து இழுத்தால்தான் கங்கு சரியாகப் பிடிக்கும். எங்கள் முனியப்பனுக்குப் படையல் போடும் ஒவ்வொரு ஆடியிலும் இந்த இடத்தில்தான் எனக்கு யோசனை ஓடும்.

அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1951-இல் மைசூர் ரயில்வேயும் நம்முடைய தென்னிந்திய ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆன சில வருடங்களில் மைசூருக்கு மாற்றல். அசோகபுரத்தில் வாடகை வீடு. ஊரிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டியோடு முனியப்பன் கோயில் பிடிமண்ணும் வந்தது. வேப்பமரத்தடியில் மண்ணைப் போட்டு ஒரு கல்லை நட்டார். அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்கள் "முனேஸ்வரா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். சாமிக்கு மொழிப் பிரச்சினை வரவில்லை.

இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சாராயம், உறையூர்ச் சுருட்டு. 2007 ஜூலையில் கர்நாடகத்தில் சாராயத்தை நிறுத்தியதும் முனியப்பன் ரம்முக்கு மாறினார். 180 மில்லி குவார்ட்டர். "சாமிக்குச் சோடாவா, தண்ணியா மச்சான்?" என்று கேட்ட உறவினர் ஒருவர் அன்றைக்கு அடி வாங்காமல் தப்பியது பெரிய விஷயம். அம்மாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பூஜை முடிந்ததும் பாட்டிலைத் தானே எடுத்துக் கடைசிச் சொட்டுவரை கல்லின் மேல் கவிழ்ப்பாள். "சாமி குடிச்ச மிச்சம்னு ஒண்ணு கிடையாது." குடிகாரத் தம்பியோடு பிறந்தவள் அவள்.

ரம்மும் சுருட்டும் பொருத்தமான ஜோடி என்று நட்சத்திர ஓட்டல்காரர்கள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊறிய ரம்மின் வெல்ல வாசனை சுருட்டின் காரத்தைத் தணிக்குமாம். இருக்கட்டும். மைசூருக்கு ஒரு பக்கம் மண்டியாவின் கரும்பு, இன்னொரு பக்கம் ஹுணசூரின் புகையிலை. சாமி ஊர் விளைச்சலைத்தான் கேட்கிறார் என்று தோன்றும். ஆனால் புகையிலை அமெரிக்கச் செடி, போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. கரும்பு நம் ஆசியாவிலிருந்து கடல் கடந்து கரீபியத் தீவுகளுக்குப் போய், அங்கே ரம் ஆகித் திரும்பி வந்தது. அப்படியானால் முனியப்பனின் இந்த ருசிக்கு நானூற்றுச் சொச்சம் வயதுகூட இருக்காது.

கிருஷ்ணமூர்த்திபுரத்தில் எனக்கு ஒரு நண்பர், ஓய்வுபெற்ற சம்ஸ்கிருத வாத்தியார். "நீங்க பிடிக்கிறதைச் சாமி தலையில கட்டறேள்" என்பார். உங்கள் பெருமாள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதும் அதே கணக்குதானே என்பேன். அதில் அவர் சிரித்துவிடுவார். எச்சில் விஷயத்தில் மட்டும் விடமாட்டார். நைவேத்தியத்தை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது; கீதையின் பதினேழாம் அத்தியாயம் எச்சிலைத் தாமச உணவில் சேர்க்கிறது. வாயில் வைத்து இழுத்த சுருட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கண்ணப்பர் கணக்கில், என்பது என் பதில். காளத்தி மலையில், பின்னால் கண்ணப்பர் ஆன திண்ணன் ஒவ்வொரு இறைச்சித் துண்டையும் கடித்துப் பார்த்து, நல்லதைத்தான் கொடுத்தான். அபிஷேகத் தண்ணீரையும் வாயில்தான் கொண்டுவந்தான். வாத்தியார் உடனே, "அது பக்தியின் உச்சம், உம்முடையது தீப்பெட்டிப் பிரச்சினை" என்றார். நியாயம்தான். திண்ணனுக்கு ருசி பார்க்காமலும் படைக்க வழி இருந்தது. எங்களுக்கு அதுகூட இல்லை. ஆனால் அந்த வழியில்லாமைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ரம்மை மூடி திறக்காமல் தூரத்தில் வைத்துவிட்டு வரலாம். சுருட்டை அப்படித் தள்ளி நின்று கொடுக்க முடியாது. நம் மூச்சு முதலில் போக வேண்டும். கியூபாவின் சாந்தேரியா வழிபாட்டில் ரம்மை வாயில் வைத்து சாமியின் மேல் கொப்பளித்துத் தெளித்து, சுருட்டுப் புகையையும் ஊதுகிறார்கள். அங்கே இரண்டுமே எச்சில்.

ஆனாலும் சாமி இதை வாங்கிக்கொள்கிறாரா? ஔவைக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதியமான் செத்து நடுகல்லாகிவிட்டான். சின்னக் கலத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதையா வாங்கிக்கொள்வான் என்று புறநானூற்றில் கேட்கிறாள். ஊற்ற வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்த அதியமானின் தகடூர், இன்றைய தர்மபுரி, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் தூரம்தான்.

அப்பா இருந்தவரை அவர்தான் பற்றவைப்பார். கண்ணை மூடி மூன்று இழுப்பு, நாலாவதை இழுக்காமல் கல்லின் ஓரம் வைப்பார். பிறகு நான். போன வருடம் என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த டாக்டர், ஒரு இழுப்புகூடக் கூடாது என்றுவிட்டார்.

இந்த ஆடியில் தம்பி மகன் காஸ் லைட்டரோடு வந்தான். சுருட்டைக் கையில் பிடித்து நுனியில் சுடரைக் காட்டினான். கருகியது, புகைந்தது, அணைந்தது. மூன்று தடவை. வாயில் வைக்க அவனுக்கு அருவருப்பு. ரம் பாட்டில் திறந்தபடி நிற்கிறது, குழம்பு ஆறுகிறது, அம்மா இல்லாததால் பாட்டிலைக் கவிழ்க்க நின்ற என் மகள் பொறுமையிழந்து அவன் கையிலிருந்து சுருட்டைப் பிடுங்கினாள். ஒரு இழுப்பு, பெரிய இருமல், கண்ணில் தண்ணீர். அதட்ட நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கங்கு பிடித்துவிட்டது.