விடுபட்ட எண்

சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளிக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் கரையேறிய சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேல். மிச்சமில்லாமல் பிரியும் தொகையே சண்டையில்லாத தொகை என்பது பங்கு வைத்த எவருக்கும் தெரிந்த சங்கதி. பன்னிரண்டு மோதகத்தை இருவர், மூவர், நால்வர், அறுவர் என யார் வந்தாலும் சரியாகப் பகிரலாம். பதின்மூன்று மோதகம் கூடுதலாக இருந்தும் அதற்கு உதவாது.

இவ்வாறு, தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளைக் கொண்ட எண்களைத் தேடி எடுத்தவர் கணிதமேதை இராமானுஜன். 1912இல் சென்னைத் துறைமுகக் கந்தோரில் மாதம் முப்பது ரூபா சம்பளத்தில் கணக்கு இலிகிதராக இருந்தவர், 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இந்த எண்களைப் பட்டியலிட்டார். (சங்கத்தின் பணமுடையால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாது நின்று, 1997இல்தான் வெளிவந்தது.) 6,746,328,388,800 வரை செல்லும் அப்பட்டியலில் 102 எண்கள் உள்ளன. கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை.

ஆனால் நடுவே ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293,318,625,600. அதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இதற்கு 5,040 காரணிகள் உண்டு. அந்த 5,040ஐத்தான் கிரேக்க ஞானி பிளேட்டோ, ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் பிரிவதால், ஒரு நல்ல நகரத்தின் குடிமக்களின் தொகையாக விதந்துரைத்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பட்டியலில் இல்லாதது இல்லாததாகுமா? உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்பது சைவசித்தாந்தம் கூறும் சற்காரியவாதம். மேதையின் கை தவறியதால் அந்த எண் தன் காரணிகளில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. குறை பட்டியலுக்கே.

மனிதருக்கு இந்த ஆறுதல் முழுவதும் பொருந்துமா என்றால், பொருந்தாது. 1990இல் மன்னாரைவிட்டு இடம்பெயர்ந்து, படகேறியும் கால்நடையாகவும் போய், பல வருடம் கழித்துத் திரும்பிய குடும்பங்களுக்கு இது நன்கு தெரியும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவன் உயிரோடு எதிரே நின்றாலும், அத்தாட்சி எங்கே என்றுதான் கேட்பார்கள். எண்ணுக்குப் பசியில்லை, காணி உறுதியும் வேண்டாம். மனிதனுக்கு இரண்டும் உண்டு. ஆகவே எண்ணை விட்டவர் செய்தது பிழை. பெயரை விட்டவர் செய்வது அதனிலும் பாரமானது. கை தவறியது என்ற அதே சமாதானம் அங்கே செல்லாது. விட்டவரே தேடிப்போய்ச் சேர்க்கவேண்டும். விடுபட்டவரை வாசலில் அலையவிடுவது முறையன்று.

இராமானுஜனின் பட்டியலில் இன்னொரு புதுமை. அதன் கடைசி எண்ணை எடுத்து 23ஆல் பிரித்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் வரும் விடை 293,318,625,600.