தட்டையோடு போகும் சத்து

மலேசியாவின் ரெம்பியா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பொட்டாஷும் கந்தகமும் புதியவை அல்ல. செம்பனைக்கு உரம் போடப் போன எங்கள் அம்மாமார், இடுப்பில் வாளியை அணைத்துக்கொண்டு, செங்கல் தூள் போன்ற பொட்டாஷை அள்ளி அள்ளி வீசினார்கள். பால்மரத் தளிரில் சாம்பல் நோய் விழுந்தால் மஞ்சள் கந்தகத்தூளைப் புகைபோல் ஊதுவார்கள். எந்த உரம், எவ்வளவு என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. இன்று நாலு மாடு வைத்துக்கொண்டு, தீவனத்துக்குச் சோளம் போட நினைப்பவர் அந்த முடிவைத் தாமே எடுக்க வேண்டும். கையிலிருக்கும் பணத்துக்கு எதை வாங்குவது?

கதிரை மட்டும் ஒடித்துத் தட்டையை நிலத்தில் விட்டால், பயிர் எடுத்த பொட்டாஷில் பெரும்பகுதி மண்ணுக்கே திரும்பும். சைலேஜுக்கு அப்படியில்லை. தட்டை, தோகை, கதிர் எல்லாவற்றையும் நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிவிடுகிறோம். டன்னுக்கு ஏறக்குறைய 4 கிலோ பொட்டாஷும் அரைக் கிலோ கந்தகமும் நிலத்தை விட்டுப் போகின்றன. ஒரு ஹெக்டரில் 40 டன் அறுத்தால் 160 கிலோ பொட்டாஷ் போகும். அதை ஈடுசெய்ய, 60 விழுக்காடு பொட்டாஷ் உள்ள உரத்தில் 50 கிலோ மூட்டை ஐந்துக்கு மேல் வேண்டும். கந்தகம் 20 கிலோதான். யூரியாவில் கொஞ்சம் குறைத்து, இரண்டு மூட்டை அமோனியம் சல்பேட் போட்டால் போதும்.

சிறிய அளவு என்று கந்தகத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அது இல்லாமல் பயிரில் புரதம் சேராது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அது வேண்டும். எது குறைகிறது என்பதைப் பயிரே காட்டும். அடி இலையின் நுனியில் தொடங்கி ஓரம் கருகினால் பொட்டாஷ் போதவில்லை. செடி பழைய இலையிலிருந்து அதை உருவித் தளிருக்குக் கொடுத்துவிடுகிறது. கந்தகம் அவ்வளவு எளிதில் இடம் மாறாது. அதனால் முதலில் வெளுப்பது குருத்து; நரம்புகளுக்கிடையே மஞ்சள் கோடு ஓடும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்காது.

மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வர வேண்டும். 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது விலை எங்கே போனது என்பதை உரம் வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நிலத்தை விட்டுப் போன பொட்டாஷ் முழுவதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மாடு தின்றதில் கொஞ்சம்தான் பாலில் போகிறது. பெரும்பகுதி மூத்திரத்தில் இறங்கிவிடுகிறது. கொட்டகை கழுவிய நீர் சிமெண்டு வாய்க்கால் வழியே சாலையோரக் கால்வாயில் கலப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓரத்துப் புல் மட்டும் கரும்பச்சையாய் நிற்கும். பக்கத்து நிலத்திலோ சோளத்தின் அடி இலை கருகியிருக்கும். பார்க்கவே மனம் வலிக்கிறது.

அந்த நீரை ஒரு தொட்டியில் பிடித்து நிலத்துக்குக் கொண்டு போங்கள். மண்ணைச் சோதித்துப் பார்த்து, மீதிக் குறைக்கு மட்டும் பொட்டாஷ் வாங்குங்கள். அளவுக்கு மேல் போட்டால் பயிர் அதையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தீவனத்தைத் தின்னும் மாட்டுக்கு மெக்னீசியம் சரியாகச் சேராது.