பூட்டிய அலமாரியில் இருப்பது யாருடைய சொத்து?



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கினோம். அதற்கு ரசீதும் இருக்கிறது. வீட்டில் பத்திரமாய்ப் பூட்டியும் வைத்திருக்கிறோம். ஆனால் அதை எடுத்து உபயோகிப்பதில்லை. நின்று நிதானமாய்ப் பார்ப்பதுகூட இல்லை. அப்படியானால் அது மெய்யாகவே நமக்குச் சொந்தந்தானா? இதை விளையாட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டு முன்கூடத்தில் நிற்கும் கண்ணாடி அலமாரியின் எதிரில் நின்று கேட்டுப் பாருங்கள். பதில் அவ்வளவு எளிதில் வராது.

நமது ஊர் துறைமுக ஊர். தோணியிலும் கப்பலிலும் போய்ப் பிழைத்தவர்கள் பலர். கடல் கடந்து உழைத்துத் திரும்புகிறவர்கள் கையில் கண்ணாடிச் சாமான் வருவது பழைய வழக்கம். பூ வெட்டிய தம்ளர் ஆறு, மூடி போட்ட குடுவை ஒன்று, பழம் வைக்கும் கிண்ணம், சில வீடுகளில் ஒரு சின்ன அன்னப்பறவை. "கிரிஸ்டல்" என்று பெருமையாய்ச் சொல்லி, உள்ளே அடுக்கி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்வோம்.

இதைப் பற்றி இரண்டு கட்சியார் உண்டு. "இதெல்லாம் வீண் ஆடம்பரம்; விற்று ஏழைக்குக் கொடுப்பதே நியாயம்" என்பது ஒரு கட்சி. "என் உழைப்பு, என் பணம், என் ஆசை, மற்றவருக்கு என்ன வந்தது?" என்பது மறு கட்சி. இருவருமே அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்லுமுன் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்வதே முறை.

சாதாரணக் கண்ணாடி என்பது மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கியது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற வணிகர் 1674-ம் ஆண்டில் புதுவிதக் கண்ணாடிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கலவையில் காரீய ஆக்ஸைடும் சேர்ந்தது. காரீயம் கலந்த கண்ணாடிக்குக் கனம் அதிகம். அது மிருதுவாய் இருப்பதால் சக்கரத்தில் வைத்து வெட்டிப் பட்டை தீட்டுவது எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளியை அதிகமாய் வளைத்து வானவில்லின் நிறங்களாய்ப் பிரித்துக் காட்டும். ஐரோப்பிய நாடுகள் 1969-ல் செய்த விதிப்படி, நூற்றுக்கு 24 பங்காவது காரீய ஆக்ஸைடு இருந்தால்தான் காரீயக் கிரிஸ்டல் என்று விற்கலாம். முதல் தரத்துக்கு 30 பங்கு வேண்டும்.

வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும். வெட்டிய பூவின் ஓரம் விரலுக்குக் கூர்மையாய்ப் படும். அச்சில் வார்த்ததானால் ஓரம் மழுங்கி, பக்கவாட்டில் தையல்போல ஒரு கோடு ஓடும். இவற்றில் ஒன்றை மாத்திரம் நம்பிவிடக்கூடாது. காரீயத்துக்குப் பதிலாக பேரியம், துத்தநாகம் முதலியவை சேர்த்த நல்ல கிரிஸ்டலும் இக்காலத்தில் கிடைக்கிறது. சரித்திரமும் சில சமயம் சாட்சி சொல்லும். அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு பட்டறை 1783-ல் தொடங்கி, 1851-ல் மூடப்பட்டு, 1947-ல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே 1900-ல் அங்கே செய்த கிண்ணம் என்று ஒருவர் விற்க வந்தால், அந்தத் தேதியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு விஷயம். "கிரிஸ்டல்" என்பதே இரவல் பெயர். மெய்யான கிரிஸ்டல் என்பது மண்ணுக்குள் தானாக விளையும் ஸ்படிகம். அதன் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடிக்குள் அந்த ஒழுங்கு கிடையாது. ஸ்படிகம்போலத் தெளிவாயிருந்ததால் அந்தப் பெயர் அதற்கு வந்து ஒட்டிக்கொண்டது. முத்துக் கரைக்காரராகிய நமக்கு இது புதிதல்ல. கண்ணாடி மணிக்கு மீன் செதிலின் மினுக்கைப் பூசிப் போலி முத்துச் செய்தவர்கள் ஐரோப்பாவில் அந்நாளிலேயே உண்டு. நமது கரையிலோ மூச்சை அடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் இருந்தார்கள். துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் போட்டு முத்தை அளவுவாரியாய்ப் பிரித்தவர்கள் இருந்தார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு அந்தப் பெரிய காலம் ஓய்ந்தது. ஆனாலும் அசலுக்கும் நகலுக்கும் பேதம் தெரிந்த கண் நமக்குப் பரம்பரையாய் வந்தது. கண்ணாடியைக் கண்ணாடி என்று தெரிந்து நேசிப்பதில் குற்றமில்லை. அதை வேறொன்றாய் நினைத்து மயங்குவதில்தான் குற்றம்.

நிற்க. உதயப்பூரில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். அந்நாட்டு மகாராணா சஜ்ஜன் சிங் 1877-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்லர் கம்பெனிக்குக் கிரிஸ்டல் சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்தார். லண்டனில் 1851-ல் நடந்த மகா கண்காட்சியில் 27 அடி உயரத்துக்குக் கண்ணாடியாலேயே நீரூற்று நிறுத்திப் புகழ் பெற்ற கம்பெனி அது. மேசை, நாற்காலி, கட்டில்கூடக் கண்ணாடியில்! ஆனால் அவற்றைக் கண்ணால் பார்க்க மகாராணாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1884-ல், இளம் வயதிலேயே, அவர் காலமானார். வந்திறங்கிய பெட்டிகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. இப்போதுதான் அரண்மனையின் ஒரு பகுதியில் அவற்றை எடுத்து வைத்து ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மரணம் ஆளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. என் கேள்வி வேறு. அந்த நூறு ஆண்டும் பெட்டிக்குள் கிடந்தது என்ன? காரீயக் கண்ணாடிக்கும் கடைத் தம்ளருக்கும் உள்ள பேதமெல்லாம் ஒளி பட்டால்தான் தெரியும். வெளிச்சம் நுழையாத பெட்டிக்குள் இரண்டும் ஒன்றே. பொன் இருட்டிலும் பொன்தான். நாளைக்கு விற்றாலும் விலை போகும். கிரிஸ்டலின் சிறப்போ ஒளியும் கண்ணும் சேருமிடத்தில் மாத்திரமே பிறக்கிறது. அதைப் பூட்டி மறைத்தவன் கண்ணாடியைக் காப்பாற்றினான். அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை இழந்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஐதராபாத்தைப் பாருங்கள். மூன்றாம் சாலார் ஜங் ஆயுள் முழுதும் கலைப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றில் கண்ணாடிச் சாமான்களும் ஏராளம். மணம் செய்துகொள்ளாமலே 1949-ல் இறந்தார். 1951 டிசம்பரில் அவருடைய மாளிகையிலேயே அந்தச் சேகரம் பொருட்காட்சிசாலையாகி, பிரதமர் நேரு அதைத் திறந்துவைத்தார். இன்றைக்குக் கூலிக்காரரும் பள்ளிப் பிள்ளையும் டிக்கெட் வாங்கி அதே கிண்ணங்களைப் பார்த்து வியக்கிறார்கள். ஆகவே சேர்ப்பது தானாகவே பாவமுமல்ல, புண்ணியமுமல்ல. சேர்த்தது எத்தனை பேர் கண்ணுக்கு எட்டுகிறது என்பதே கேள்வி.

"எடுத்துப் புழங்கினால் உடைந்துபோகுமே!" என்பீர்கள். உண்மைதான். பித்தளைச் செம்பு பேரப்பிள்ளை காலத்துக்கும் நிற்கும். கண்ணாடி ஒரு கைதவறுதலில் போய்விடும். இங்கேதான் தர்மத்தின் பரீட்சை இருக்கிறது. தேய்த்துக் கழுவும்போது வேலைக்காரப் பெண்ணின் கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் பத்து வயதுப் பிள்ளையின் கை பட்டு விழுகிறது. அந்த நொடியில் வீட்டில் எழும் முதல் வார்த்தை என்ன? "கையில் குத்தியதா?" என்றா, அல்லது "எவ்வளவு விலை தெரியுமா?" என்றா? முதல் வார்த்தை வரும் வீட்டில் உடைந்தது கண்ணாடி மாத்திரம். இரண்டாவது வார்த்தை வரும் வீட்டில் வேறொன்றும் உடைந்துபோகிறது. அதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ள முடியாது. மாதச் சம்பளத்தில் தம்ளரின் விலையைப் பிடித்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. அந்தப் பெண்ணின் ஒரு வாரச் சோறு அந்த விலைக்குள் அடங்கியிருக்கும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இது உடைந்தால் உடைத்தவரை அன்றைக்கே மன்னிக்க என்னால் முடியுமா? முடியும் என்றால் தாராளமாய் வாங்கலாம். முடியாது என்றால், கையில் எத்தனை பணம் இருந்தாலும் அது உங்கள் சக்திக்கு மீறிய பொருள்.

இன்னும் ஒன்று, சொல்லக் கசப்பானது. நமது தமிழ்நாட்டில் தேநீர்க் கடைகளில் சிலருக்கு ஒரு குவளை, வேறு சிலருக்கு வேறு குவளை என்று வைத்த கொடுமையை எல்லாரும் அறிவோம். 1955-ம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமென்று சொன்ன பிறகும் அது எளிதில் ஒழியவில்லை. கடையில் அது அநீதி என்று ஒப்புக்கொள்கிற நாம், வீட்டில் என்ன செய்கிறோம்? அதிகாரி வந்தால் அலமாரி திறக்கிறது. கடற்கரையிலிருந்து ஏழை மாமன் வந்தால் நசுங்கிய எவர்சில்வர் தம்ளர் வருகிறது. தண்ணீர் ஒன்றே. ஆனால் குடிக்கிறவருக்குத் தம்முடைய மதிப்பு இன்னதென்று தம்ளர் சொல்லிவிடுகிறது. அழகிய கண்ணாடியை இவ்விதம் அவமதிப்பின் கருவியாக்கினால், அதைவிட மண்குவளையே மேல்.

ஏழையைப் பற்றிக் கேட்ட முதல் கட்சியாருக்கும் பதில் வேண்டுமல்லவா? அவர்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிக் கிரிஸ்டல் வாங்குவதும், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தைத் தள்ளிப்போட்டு வாங்குவதும், பெண் வீட்டாரிடம் சீர்வரிசையில் கேட்டு வாங்குவதும் தவறு. இதில் விவாதமே இல்லை. ஆனால் கடமைகளெல்லாம் தீர்ந்த பிறகும் ஏழையின் பெயரைச் சொல்லி அழகையே வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை. ஏழைக்கும் அழகு வேண்டும். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து அந்தத் தம்ளரிலேயே கொடுப்பதும் ஒரு தர்மந்தான்.

கடைசியாகச் சில யோசனைகள். காரீயக் கிரிஸ்டலில் புளிப்பான பானம், பழரசம், திராட்சரசம் முதலியவற்றை நாள்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள். காரீயம் அதில் கரைந்து இறங்கும், அது உடம்புக்கு விஷம். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு தம்ளரில் கொடுப்பது நல்லது; காரணத்தையும் சொல்லிவிடுங்கள். விருந்தினருக்கு வேளைக்கு ஊற்றிக் கொடுத்து, முடிந்தவுடன் கழுவிவிடலாம். கழுவும் தொட்டியின் அடியில் துணி விரித்து, வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒவ்வொன்றாய்க் கழுவி, உடனே துடையுங்கள். உப்புத் தண்ணீர் தானாய்க் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்காதீர்கள். கவிழ்த்தும் வைக்காதீர்கள், விளிம்புதான் அதன் பலவீனமான இடம். உங்களுக்குப் பின் யாருக்கு எது என்பதை உயிரோடிருக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூடுமானால் கையாலேயே கொடுத்துவிடுங்கள். ஆறு தம்ளருக்காக அக்காளும் தங்கையும் ஆறு வருஷம் பேசாமலிருப்பதைவிட ஆறும் உடைந்துபோவது நல்லது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு முதலில் வருகிறவர் யாரோ, அவர் தோணியில் மூட்டை சுமப்பவராயிருந்தாலும் சரி, துறைமுக அதிகாரியாயிருந்தாலும் சரி, அவருக்கு அந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுங்கள். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாயிருக்கே!" என்று சொல்லுவார். அதுவரை உங்கள் பொறுப்பில் மாத்திரம் இருந்த பொருள், அந்த நிமிஷத்தில்தான் உங்களுக்குச் சொந்தமாகிறது.