டயர் பெரிசு, ஆக்ஸில் பழசு!



பாலக்கோட்டிலிருந்து மலைக்கிராம ஜெபக்கூட்டங்களுக்கு ஓடும் என் பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினேன். கல்லுரோட்டில் உயரமாய்ப் போகலாமே! ஆனால் ஆக்ஸில் பழையதுதான்.

டயர் உயரம் 10 சதவீதம் கூடினால், மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55-ல் ஓடும். பிரேக் போட்டாலும் சீக்கிரம் நிற்காது. ஏற்றத்தில் ஆக்ஸில்மேல் பாரம் கூடும். ஒருநாள் விசுவாசிகளோடு ஏறுகையில் ஆக்ஸில் முறிந்தது. தேவகிருபை, யாருக்கும் காயமில்லை.

“பெரிசா ஆசைப்பட்டது தப்பா, ஆண்டவரே?” என்று அழுதேன். ஆசை தப்பல்ல, உள்ளே பலப்படுத்தாமல் வெளியே பெருக்கி, அதில் மற்றவர் உயிரையும் ஏற்றினேனே, அதுதான் தப்பு என்று உணர்ந்தேன். தாவீது பழக்கமில்லாத சவுலின் கவசத்தைக் கழற்றிவிட்டான் (1 சாமுவேல் 17).

ஊழியம் பெருகுது, சரி. முழங்கால் ஜெபம் பெருகுதா? முதலில் ஆக்ஸிலைப் பாருங்கள், பிரியமானவர்களே!