ஆண்டுக்கு 53 நிமிடங்கள்

மலேசியத் தமிழ் வீடுகளில் மழை அறிவிக்கும் வேலையை அஸ்ட்ரோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் வானவில் அலைவரிசையில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். கதாநாயகி திறந்த வாய் மூடாமல் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பாள். "மழ வருது, துணிய எடு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். வாசலில் அதுவரை ஒரு துளிகூட விழுந்திருக்காது. கூரைமேல் இருக்கும் தட்டு பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் மேகம் திரண்டுவிட்டது, அவ்வளவுதான். 1996இல் தொடங்கிய இந்த ஒளிபரப்பு செயற்கைக்கோளிலிருந்து 12 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்ணில் இறங்கிவருகிறது. அந்த அதிர்வெண்ணுக்கும் மழைக்கும் ஆகாது.

ஏன் ஆகாது என்று கணக்குப் போட்டுச் சொல்லித்தரும் இடம் ஜொகூரிலேயே இருக்கிறது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஊர் வழக்கில் யூடிஎம். கைப்பேசி வலையமைப்பையும் கம்பியில்லாத் தகவல்தொடர்பையும் படிக்க வரும் மாணவருக்கு முதலில் ஒரு சந்தேகம் வருவது இயல்பு. இந்தத் துறையில் உள்ளூருக்கு என்று என்ன இருக்கிறது? ஸ்டாக்ஹோமிலும் சியோலிலும் படிக்கும் அதே பாடநூல், அதே தரக்கட்டளைகள். டவரில் ஏறும் பெட்டியும் எங்கோ செய்து வருவதுதான். ஆனால் ஆண்டெனாவை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து அலை ஜொகூரின் காற்றுக்குள் இருக்கிறது.

900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அகலமுள்ள மழைத்துளியை அது கண்டுகொள்வதே இல்லை. 26 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் அலைநீளம் 12 மில்லிமீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. இப்போது துளியும் அலையும் ஏறக்குறைய ஒரே அளவுலகத்தில் சந்திக்கின்றன. துளி அலையில் கொஞ்சத்தைக் குடிக்கிறது, கொஞ்சத்தைச் சிதறடிக்கிறது. நாம் படம் வரைவதுபோல் விழும் துளிக்குக் கூரான தலை கிடையாது. பெரிய துளி காற்று அமுக்கி அடி தட்டையாகி, பன் ரொட்டிபோல் அகலமாக விழும். அதனால் கிடைமட்டமாக அதிரும் அலை செங்குத்தாக அதிரும் அலையைவிட அதிகம் இழக்கிறது. படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான் என்பேன்: ஒரு துளியின் உடல்வாகு ஒரு ஊரின் பேச்சைத் தொடுகிறது.

சூத்திரம் சின்னது. அதிர்வெண்ணுக்கு ஏற்ப இரண்டு எண்களைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அட்டவணை தருகிறது. மூன்றாவது எண், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் வீதம் மழை பெய்கிறது என்பது. அதை ஊர்தான் தரவேண்டும். ஒன்றியம் முன்பு உலகை எழுத்து வரிசையில் மழை மண்டலங்களாகப் பிரித்திருந்தது. ஆண்டின் 0.01 விழுக்காடு நேரத்தில் மீறப்படும் மழைவீதம் மிதமான மண்டலம் ஒன்றில் 22 மில்லிமீட்டர் என்றால், மலேசியா விழுந்த மண்டலத்தில் 145. மணிக்கு 120 மில்லிமீட்டர் மழையில் 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 20 டெசிபெல் இழக்கும். மழை இல்லாதபோது மறுமுனைக்குப் போவதில் நூறில் ஒரு பங்குதான் போகும், அதுவும் ஒரே கிலோமீட்டரில்.

ஆகவே யூடிஎம்மின் கம்பியில்லாத் தகவல்தொடர்பு மையத்து ஆய்வாளர்கள் மழைமானியை வைத்து, இரு முனைகளுக்கு இடையே இயங்கிக்கொண்டிருந்த மைக்ரோவேவ் லிங்க்குகளில் 15, 26 ஜிகாஹெர்ட்ஸில் மழையும் சிக்னலும் சேர்ந்து ஏறி இறங்குவதை ஆண்டுக்கணக்கில் குறித்தார்கள். மணிக்கணக்கில் அளந்த மழை இதற்கு உதவாது, நிமிடக்கணக்கு வேண்டும். பத்து நிமிடம் கொட்டிவிட்டு வெயில் அடித்தால் மணிக்கணக்கில் அது சாதாரண மழைதான். லிங்க்குக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டுமே தெரியும். மிதவெப்ப நாடுகளின் அளவுகளிலிருந்து பிறந்த சில திருத்தக் காரணிகள் இங்கே பொருந்தவில்லை என்பதும் இப்படித்தான் தெரியவந்தது.

இங்கே ஒரு பொதுவான தவறெண்ணத்தைத் தாண்ட வேண்டும். "மழ பேஞ்சா லைன் போயிடும்" என்று செம்பனைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். கைப்பேசிக்கும் டவருக்கும் இடையில் போகும் அலை பெரும்பாலும் நீண்டது, மழை அதை ஒன்றும் செய்யாது. (நனைந்த செம்பனை ஓலை வேறு கதை, அது நன்றாகவே உறிஞ்சும்.) மழை அறுப்பது டவரின் முதுகுப்பக்கத்தை. நகரத்து டவருக்கு ஃபைபர் போயிருக்கும். தோட்டத்து டவர் பலவேளை தட்டு ஆண்டெனா ஒன்றின் வழியே அடுத்த டவரோடு பேசிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் மழை விழுகிறது. கைப்பேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும், அழைப்பு மட்டும் போகாது.

தடையையே வரவாக்கிய கதை ஒன்றும் இந்தப் படிப்பில் உண்டு. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்தியக் கடற்படையில் சோனார் செய்துவிட்டு ஸ்டான்ஃபோர்ட் போனவர். சுவரிலும் கட்டடத்திலும் மோதிப் பல வழியாக வரும் அலையைத் தொல்லையாக எண்ணிவந்த காலத்தில், பல ஆண்டெனாக்களை வைத்தால் அந்தச் சிதறலே கூடுதல் பாதையாகும் என்று 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய வைஃபையும் 4ஜியும் 5ஜியும் அந்த வழியில்தான் நடக்கின்றன. 2014இல் மார்க்கோனி பரிசும் கிடைத்தது. மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, எந்தத் தடையையும் கெட்டிக்காரத்தனத்தால் வரவாக மாற்றிவிடலாம் என்று நம்பத் தொடங்குவார்கள். அடுத்த அத்தியாயத்தில் மழை வந்து அந்த நம்பிக்கையைத் திருத்தும். சிதறிய அலையைத் திரும்பப் பிடிக்கலாம். தண்ணீர் குடித்த அலை வெப்பமாகிப் போய்விட்டது, அதை எந்தக் கணிதமும் மீட்காது.

மிஞ்சுவது முன்னேற்பாடுதான். வெயில் நாளில் தேவைப்படுவதைவிட அதிக வலுவை ஒதுக்கி வைப்பார்கள், அதற்கு ஃபேட் மார்ஜின் என்று பெயர். மழை வலுக்க வலுக்க லிங்க் தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். ஒரு குறியீட்டில் 8 பிட் ஏற்றியது 6, 4 என்று இறங்கி 2க்கு வரும். காணொளி நின்றுவிடும், குறுஞ்செய்தி போய்ச்சேரும். அதற்கும் கீழே போனால் அறுந்துவிடும். எவ்வளவு நேரம் அறுந்திருக்கலாம் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். 99.99 விழுக்காடு கிடைக்கவேண்டும் என்றால் ஆண்டின் 5,25,600 நிமிடங்களில் ஏறக்குறைய 53 நிமிடங்களைக் கைவிடலாம் என்று பொருள்.

53 நிமிடம் பெரிய நேரமா? ஆண்டு முழுக்கத் தூவினால் நாளுக்கு ஒன்பது நொடிகூட இல்லை. ஆனால் அது தூவலாக வருவதில்லை. ஒன்றியத்தின் பரிந்துரைகளிலேயே "மிக மோசமான மாதம்" என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பொதுவான எண்களைப் போட்டுப் பார்த்தால் இந்த 53இல் சுமார் 22 நிமிடங்கள் ஒரே மாதத்தில் வந்து விழும். அந்த மாதத்திலும் எல்லா நாளும் விழாது. பிற்பகலில் இடியோடு கொட்டும் சில பொழுதுகளில் மொத்தமாக விழும். பள்ளி விடும் நேரம், ஈரச்சாலையில் மோட்டார்சைக்கிள் சறுக்கும் நேரம், பிள்ளை இன்னும் வரவில்லையே என்று தாய் கைப்பேசியை எடுக்கும் நேரம் அது. கணக்கு பொய் சொல்லவில்லை. நேரம் எல்லாம் ஒரே எடை என்ற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அது நமக்குத் தெரியாமல் ஏற்கவைத்துவிட்டது. மழை பெய்யும்போதுதான் மனிதர் ஒருவரையொருவர் அதிகம் தேடுகிறார்கள். தொடர்பு அறுவதும் அதன் தேவை உச்சம் தொடுவதும் ஒரே மேகத்தின் வேலை.

வெள்ளம் இதைவிடப் பெரியது, அந்த 53இல் அது சேரவே சேராது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் இருமுறை மூழ்கியது. கோத்தா திங்கி நகரமே நீருக்குள் போனது, மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட் பக்கம் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. பருவமழை நீளமானது. இடிமழையின் வெறி அதற்கு எப்போதும் இருப்பதில்லை, தட்டுகளுக்கு நடுவில் அலை தாக்குப்பிடிக்கவும் கூடும். ஆனால் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், டவரின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், டீசல் கொண்டுபோகும் சாலை நீருக்குள் இருக்கும். மழையால் அறுவது ஒரு பத்தியில், மின்சாரம் போவது இன்னொரு பத்தியில், கருவி பழுதாவது மூன்றாவது பத்தியில் என்று தாளில் தனித்தனியாக எழுதி, மூன்றும் சேர்ந்து வரும் வாய்ப்பைக் காண, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோல் நிகழ்தகவுகளைப் பெருக்குவது உண்டு. பெருக்கினால் மிகச் சிறிய எண் வரும். பார்க்க நிம்மதியாக இருக்கும். வானத்துக்குப் பத்தி பிரிக்கத் தெரியாது.

இதைப் படிப்பின் குறை என்று சொல்லமாட்டேன். சராசரி இல்லாமல் வலையமைப்பு கட்ட முடியாது. நூறு விழுக்காடு கேட்பவர் காசு கொடுக்கப்போகிறவர் அல்லர். ஆனால் ஒரு விழுக்காட்டை எழுதும் கை, யாருடைய எந்த நேரத்தில் மௌனம் இருக்கலாம் என்று தீர்மானிக்கிறது. அதை எழுதுபவர் ஃபைபர் வந்த கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி ஒரு தேர்வுக் கேள்வியை வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு டவர், லிங்க்கின் தூரம் 4 கிலோமீட்டர், அதிர்வெண் 26 ஜிகாஹெர்ட்ஸ், தேவை 99.99 விழுக்காடு. கொட்டும் மழை பாதை முழுவதையும் ஒரேயடியாக மூடாது என்ற சலுகையைக் கழித்த பின்னும் இழப்பு 50 டெசிபெல்லைத் தாண்டும். வழக்கமான கருவிக்கு அவ்வளவு மார்ஜின் இருக்காது. மாணவர் எழுதவேண்டிய விடை: அதிர்வெண்ணை இறக்கு, அல்லது நடுவில் இன்னொரு டவர் போடு. இரண்டுக்கும் செலவு உண்டு. அந்த டவருக்குக் கீழே எத்தனை சந்தாதாரர்கள் என்று அடுத்த மேசையில் கேட்பார்கள். தோட்டத்தில் வயதானவர்கள் சிலர்தான் மிச்சம். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மழை பெய்தால் அந்த டவரைத் தேடி அழைப்பவர்கள் அவர்கள்தான். கணக்கில் அவர்கள் வேறு டவர்களின் சந்தாதாரர்கள்.